அரிட்டாபட்டியை யார் கேட்டார்கள்? டங்ஸ்டன் ஏலமும் நிர்வாகச் சட்டத்தின் ஓட்டையும்

2024 நவம்பர் 7-ஆம் தேதி மத்திய சுரங்கத்துறை ஒரு முடிவை அறிவித்தது. மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில், 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்று பெயரிடப்பட்ட 2,015.51 ஹெக்டேர் பரப்புக்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வாகியிருந்தது. ஏக்கர் கணக்கில் அது கிட்டத்தட்ட 5,000. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, நரசிங்கம்பட்டி, வல்லாளப்பட்டி என்று பல ஊர்கள் அந்தக் கோட்டுக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ வந்தன. ஊர்க்காரர்களுக்கு விஷயம் எட்டியது அதற்குப் பிறகுதான், அதுவும் செய்தி வழியாக.

பதினோரு வாரம் கழித்து, 2025 ஜனவரி 23 அன்று, அதே அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. மேலூர் பக்கம் பட்டாசு வெடித்தார்கள். கொண்டாட வேண்டிய வெற்றிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பதினோரு வாரத்தையும் அதற்கு முந்தைய ஒரு வருடத்தையும் காகிதம் காகிதமாகப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஏலத்துக்கு முன்னால் இந்த ஊர்களைக் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. ரத்து செய்யும்படியும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. முதலாவது அதிகாரிகளின் விருப்பப்படி நடந்தது, இரண்டாவது அரசியல் அழுத்தத்தால் நடந்தது. குடிமகனுக்கும் அரசுக்கும் நடுவில் நிற்க வேண்டிய நிர்வாகச் சட்டத்தை இரண்டு இடத்திலும் காணோம்.

ஏலத்துக்குப் போன வழி

கனிமங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம். 2023 ஆகஸ்டில் அதில் ஒரு திருத்தம் வந்தது. லித்தியம், கோபால்ட், கிராஃபைட், டங்ஸ்டன் உட்பட 24 வகைக் கனிமங்கள் 'முக்கிய, உத்திசார்ந்த கனிமங்கள்' என்று தனிப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும் என்றானது. ஏலம் முடிந்தபின் உரிமம் வழங்குவது மாநில அரசு, வருவாய் போய்ச் சேருவதும் மாநிலத்துக்கு. அதாவது முடிவு ஒருவர் கையில், கையெழுத்து இன்னொருவர் கையில்.

தமிழ்நாடு அரசு 2023 அக்டோபர் 3 அன்றே இதை எதிர்த்துக் கடிதம் எழுதியது. நவம்பர் 2 அன்று மத்திய அமைச்சர் மறுத்துப் பதில் எழுதினார். பிறகு நாயக்கர்பட்டி தொகுதி பற்றி மாநில புவியியல் சுரங்கத்துறையிடம் நில விவரம் கேட்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் மாநிலம் விவரங்களை அனுப்பியது. அந்தப் பரப்புக்குள் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஒன்று இருக்கிறது என்பதும் அந்த விவரத்தில் இருந்ததாக மத்திய அமைச்சகமே பின்னர் சொன்னது. ஆக, இருப்பது தெரிந்தேதான் ஏலத்துக்குப் போனது.

அந்தத் தலம் சாதாரணமானதல்ல. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரை அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், சுமார் 250 பறவை இனங்கள் என்று அரசின் அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் அங்கே உண்டு. கழிஞ்சமலையில் சமணர் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும், பக்கத்திலேயே பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கின்றன.

இந்த 193 ஹெக்டேரை அறிவித்த சட்டம் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். அதன் 37-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்துத்தான் மாநில அரசு இப்படி ஓர் இடத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. காப்பாற்றுவதற்கு ஊராட்சியைக் கேட்க வேண்டும். அதே இடத்தையும் அதைச் சுற்றி இன்னும் ஒன்பது மடங்குக்கும் மேலான பரப்பையும் சுரங்கத்துக்கு ஏலம் விட ஊராட்சியைக் கேட்க வேண்டியதில்லை. இந்த விவகாரத்தில் நான் பார்த்த மிகப் பெரிய முரண் இதுதான். எந்தத் தனி அதிகாரியின் தவறும் அல்ல, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நவம்பருக்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள். நவம்பர் இறுதியில் பிரதமருக்கு முதல்வர் கடிதம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். டிசம்பர் 24 அன்று, பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை மத்திய அமைச்சகம் கேட்டுக்கொண்டது. மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதியை வெட்டி எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அமைச்சகம் நினைத்திருக்கிறது. பெரியாறு பாசனத்தில் ஒருபோக விவசாயம் செய்கிறவனுக்குப் பறவையும் கல்வெட்டும் எவ்வளவு முக்கியமோ, கண்மாய்க்கு வரும் வரத்துக்காலும் அவ்வளவு முக்கியம். ஒரு தடவை ஊருக்கு வந்து கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் தொடங்கி மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு போனார்கள். மேலூரில் கடையடைப்பு. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது போலீஸ் வழக்குப் போட்டது, பிறகு அரசே திரும்பப் பெற்றது. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் அந்தச் சாலையில்தான், ஒத்தக்கடையைத் தாண்டியதும், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. அரசின் முடிவால் பாதிக்கப்பட்டவன் போய் நிற்க வேண்டிய வாசல் அது. அத்தனை கூட்டமும் அந்த வாசலைக் கடந்து மத்திய அரசின் ஓர் அஞ்சலகத்தை நோக்கிப் போனது. ஏன் அப்படி என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

நீதிமன்றம் ஏன் போதவில்லை

நம் நிர்வாகச் சட்டத்தின் பெரும்பகுதி நாடாளுமன்றம் எழுதியதல்ல, நீதிமன்றங்கள் தீர்ப்புத் தீர்ப்பாகக் கட்டியது. 1969-ல் கிரைபாக் வழக்கு, பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது போன்ற இயற்கை நீதிக் கோட்பாடு நிர்வாக முடிவுகளுக்கும் பொருந்தும் என்றது. 1973-ல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில், தன்னிச்சையும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்ற நிலைப்பாடு பிறந்தது. 1978 ஜனவரியில் வந்த மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கு, அரசின் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது. அதற்குச் சற்று முன், 1977 டிசம்பரில், மொகிந்தர் சிங் கில் வழக்கில், ஓர் உத்தரவை அதில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புகள். இவை இல்லாவிட்டால் நம்மிடம் ஒன்றுமே இல்லை.

ஆனால் இவை பெரும்பாலும் ஒரு தனி மனிதனைக் காப்பாற்றுகின்றன. உங்கள் கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்தால், உங்கள் உரிமத்தை ரத்து செய்தால், உங்களை விசாரிக்காமல் வேலையை விட்டு நீக்கினால், 'என்னைக் கேட்கவில்லை' என்று நீங்கள் வழக்குப் போடலாம். ஒரு வட்டாரம் முழுவதையும் பாதிக்கும் முடிவு என்றால் அரசு 'இது கொள்கை முடிவு' என்கிறது, நீதிமன்றமும் தயங்குகிறது. மருந்து விலை நிர்ணயம் பற்றிய 1987-ஆம் ஆண்டு சயனமைடு வழக்கில், பொதுவாகப் பலருக்கும் பொருந்தும்படி விதிப்பது சட்டமியற்றுவதைப் போன்றது, அதற்கு இயற்கை நீதி தேவையில்லை என்று தீர்ப்பானது. பாதிக்கப்படுகிறவர்கள் அதிகமாக அதிகமாக, கேட்கப்படும் உரிமை குறைந்துகொண்டே போகும் நிலை இதனால் உண்டாகிறது.

இன்னொரு சிக்கல், எப்போது வழக்குப் போடுவது என்பது. ஏல அறிவிப்புக் கட்டத்தில் போனால் 'இன்னும் உரிமமே கொடுக்கவில்லை, இப்போதே ஏன் வந்தீர்கள்' என்பார்கள். உரிமம் கொடுத்தபின் போனால் 'மூன்றாம் நபரின் உரிமை உருவாகிவிட்டது' என்பார்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், கலெக்டரோ அவர் சார்பில் ஒருவரோ தலைமை வகிப்பார். ஆனால் அது நிறுவனம் தேர்வாகி, ஆய்வறிக்கை தயாராகி, பணம் இறங்கியபிறகு. அந்தக் கட்டத்தில் கேட்கப்படும் கேள்வி 'எப்படித் தோண்டலாம்' என்பது. 'தோண்டலாமா' என்ற கேள்வி அதற்கு முன்பே, யாரும் இல்லாத அறையில் முடிந்திருக்கும்.

உச்ச நீதிமன்றத்துக்கு இந்த ஓட்டை தெரியாமல் இல்லை. 2016-ல், செல்போன் அழைப்பு துண்டானால் இழப்பீடு தர வேண்டும் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதியை ரத்து செய்த தீர்ப்பில், விதிகளை உருவாக்கும்முன் வரைவை வெளியிட்டு, கருத்துப் பெற்று, அதைப் பரிசீலித்ததற்கு விளக்கம் தரும் நடைமுறையை எல்லாத் துறைகளுக்கும் பொதுச் சட்டமாக்கும்படி நாடாளுமன்றத்துக்கு யோசனை சொன்னது. அமெரிக்காவின் 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டியது. அப்படி ஒரு பொதுச் சட்டம் நம்மிடம் வரவில்லை. சட்ட முன்வரைவுகளை 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு எடுத்த ஒரு கொள்கை முடிவு உண்டு. அது கொள்கை, சட்டமல்ல. ஒரு நிலப்பரப்பை ஏலத்துக்கு விடும் முடிவு அதற்குள் வருவதும் இல்லை.

யார் பொறுப்பு?

டிசம்பரில் இரண்டு அரசுகளும் ஒன்றை ஒன்று கைகாட்டின. ஏலம் அறிவித்ததிலிருந்து முடிவு வெளியாகும்வரை மாநிலம் ஆட்சேபம் சொல்லவே இல்லை என்றது மத்திய அமைச்சகம். ஏல அதிகாரத்தை எடுத்துக்கொண்டதே நீங்கள், 2023-லேயே எதிர்த்து எழுதினோம் என்றது மாநிலம். இரண்டு பக்கமும் காட்டியது கடிதங்களைத்தான். அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட காலத்தில் மேலூரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சண்டை வந்தபிறகுதான் வெளியே வந்தன.

இத்தனைக்கும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு ஏற்கெனவே வழி சொல்லியிருக்கிறது. அதன் 4-ஆம் பிரிவின்படி, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புடைய எல்லா விவரத்தையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும். பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். யாரும் மனுப் போட வேண்டியதில்லை. ஆனால் இதை மீறினால் தண்டனை இல்லை. 20-ஆம் பிரிவின் அபராதம் மனுவுக்குப் பதில் தராத தகவல் அலுவலருக்குத்தான். தண்டனை இல்லாத கடமையை எந்த அலுவலகமும் அவசரமாக நிறைவேற்றாது.

மேலூருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேட்டால் 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று 2012-ல் அப்போதைய மதுரை கலெக்டர் உ. சகாயம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அவர் மாற்றப்பட்டபிறகு அது பத்திரிகைகளில் வந்தது. அதன் பிறகுதான் குவாரிகளில் சோதனைகள் நடந்தன. 2014-ல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. ஒரு மாவட்ட ஆட்சியரே எழுதிய அறிக்கையாக இருந்தாலும், அது கோப்புக்குள் இருக்கும்வரை ஊருக்குப் பயனில்லை என்பதை இந்தத் தாலுகா அப்போதே பார்த்துவிட்டது.

ஜனவரி 7 ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு, மதுரை உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 'உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்து' என்று சட்டத்தில் எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் இனி யாரைக் கலந்தாலோசிப்பது? அரசு தன் அலுவலரைத் தானே கேட்டுக்கொள்வது ஆலோசனை ஆகாது. ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதை நாம் அரசியல் விஷயமாக மட்டும் பேசுகிறோம். நிர்வாகத்தைக் கணக்குக் கேட்கும் உரிமையும் அதோடு சேர்ந்துதான் தள்ளிப்போகிறது.

தேவை இல்லையா என்று கேட்பவர்களுக்கு

டங்ஸ்டன் தேவைதான். வெட்டுக்கருவிகளில் தொடங்கி ராணுவத் தளவாடம் வரை அது வேண்டும். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் போட்டது. இதை எல்லாம் மேலூர்க்காரர்களிடம் முதலிலேயே சொல்லி, அவர்கள் வாதத்தையும் கேட்டு, பிறகு முடிவெடுத்திருக்கலாம். கேட்பதால் காலதாமதம் ஆகும் என்கிறார்கள். கேட்காததால் என்ன மிச்சமானது? ஏலம் நடத்திய உழைப்பு வீண், நிறுவனம் போட்ட கணக்கு வீண், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இரண்டு மாதத் தூக்கம் போச்சு. கடைசியில் ரத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் முக்கியத்துவம். அது 2022 நவம்பரிலிருந்து அரசிதழில் இருந்த விஷயம்.

மேலூரால் இதைத் திருப்ப முடிந்ததற்குக் காரணங்கள் உண்டு. பாசன விவசாயிகளுக்குச் சங்கம் இருக்கிறது. பல ஊர் சேர்ந்த 'நாடு', ஊர்த்தலைவரான அம்பலம், மந்தைக் கூட்டம் என்று பல ஊர்களை ஒரே நாளில் ஒன்றுசேர்க்கும் பழைய கட்டமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. வியாபாரிகள் கூட நின்றார்கள், எல்லாக் கட்சியும் வந்தது, அடுத்த வருடமே சட்டமன்றத் தேர்தல். இதே கோடு பேரையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் முந்நூறு குடும்பம் இருக்கும் ஒரு குக்கிராமத்தின் மேல் விழுந்திருந்தால்? அவர்களுக்குச் சங்கமும் இல்லை, டெல்லிக்குக் கூட்டிப்போக ஆளும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சட்டம்.

ஆனால் சட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை ஒன்று, அணுக் கனிமங்களுக்கும் முக்கிய, உத்திசார்ந்த கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. தாமதமாகவாவது நடந்துகொண்டிருந்த கூட்டமும் இந்தக் கனிமங்களுக்கு இனி இல்லை. அதைவிட எனக்குக் கோபம் வருவது அது வந்த விதத்தில். நாடாளுமன்ற விவாதம் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி அறிவிக்கையாக வந்தால் வழக்கமாக 60 நாள் ஆட்சேபக் காலம் தர வேண்டியிருக்கும், குறிப்பாணைக்கு அதுவும் கிடையாது. மக்கள் கருத்தைக் கேட்க வேண்டாம் என்ற முடிவை மக்கள் கருத்தைக் கேட்காமலே எடுத்திருக்கிறார்கள்.

எதை மாற்றலாம்

தென்னாப்பிரிக்கா 2000-ல் நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் 4-ஆம் பிரிவு பொதுமக்களைக் கூட்டாகப் பாதிக்கும் முடிவுகளுக்கென்றே எழுதப்பட்டது. பொது விசாரணையோ, அறிவித்துக் கருத்துப் பெறும் முறையோ, ஏதாவது ஒரு நியாயமான வழியை அரசு பின்பற்றியாக வேண்டும். 5-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. காரணம் கேட்டால் 90 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், தராவிட்டால் மாறாக நிரூபிக்கப்படும்வரை நல்ல காரணம் இல்லாமல்தான் முடிவெடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அலுவலகங்களை அசைக்கக்கூடிய வரி இதுதான். நமக்கும் இப்படி ஒரு மத்தியச் சட்டம் வேண்டும். கனிமச் சட்டத்திலும், ஒரு பரப்பை ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன் அங்குள்ள ஊராட்சிகளுக்கு அவர்கள் மொழியில் எழுத்து மூலம் அறிவிப்பு, கிராம சபையில் விவாதம், அதற்குக் காரணங்களோடு பதில், இவை நடக்காவிட்டால் ஏலம் செல்லாது என்று ஒரு பிரிவு சேர வேண்டும். 'செல்லாது' என்ற விளைவு இல்லாமல் மற்றதை எழுதிப் பயனில்லை.

டெல்லி அசையும்வரை மாநிலம் சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. நில விவரத்தை அனுப்புவது மாநிலத் துறை. அனுப்பும் முன் சம்பந்தப்பட்ட கிராம சபைகளின் கருத்தைப் பெற்று, அதையும் விவரத்தோடு இணைத்தே அனுப்ப வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். யார் அனுமதியும் வேண்டாம். அறிவிப்பு ஊருக்குச் சேருவதும் கடினமில்லை. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-ல் அரசு நிறுத்தச் சொன்னது சரியான முடிவு, ஒலிபெருக்கி கட்டிய ஒரு வண்டி அந்த வேலையைச் செய்துவிடும். இந்த ஏலத்தை எதிர்த்துச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்ட அரசு, தன் துறைக்கு இந்த ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொள்ளத் தயங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்ட புவியியல் சுரங்கத்துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. எங்கள் ஊராட்சி எல்லைக்குள் உள்ள எந்த சர்வே எண்ணுக்காவது கனிம ஏலம் தொடர்பாக நில விவரம் கேட்கப்பட்டிருக்கிறதா, கேட்டது யார், எந்தத் தேதியில், நீங்கள் அனுப்பிய பதிலின் நகல் வேண்டும். இவ்வளவுதான் கேள்வி. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. வருகிற பதிலை அடுத்த கிராம சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.